உதவி தேவை: எங்கள் திகில் படத்தின் சடங்குக் காட்சி தீமிதியைப் போலத் தோன்றுகிறது

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் ஆறு பேர் சொந்தப் பணத்தைப் போட்டு, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மறைந்து வாழும் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றித் திகில் படம் எடுத்திருக்கிறோம். கூட்டத்தின் தலைவன் நெருப்பின் முன்னால் ஓர் இளைஞனைப் பலியிட முனையும் இரவுக் காட்சிதான் படத்தின் உச்சம். முதல் தொகுப்பை வீட்டில் போட்டுக் காட்டியபோது என் பாட்டி பாதியில் எழுந்துவிட்டார். "அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பூக்குழி இறங்குகிறவர்களையா கொலைகாரர்களாகக் காட்டுகிறாய்?" என்று கேட்டார். மஞ்சள் துணி, வேப்பிலை, உடுக்கைச் சத்தம், தணல் குழி என, பெரிய வெள்ளியன்று கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் நான் பார்த்து வளர்ந்தவற்றையெல்லாம் என்னை அறியாமலே அந்தக் காட்சிக்குள் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. மீண்டும் எடுக்க ஓர் இரவுக்கான பணமே மிஞ்சியுள்ளது. எதை மாற்றுவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ்):
தம்பி, உங்கள் பாட்டி சரியாகவே பார்த்திருக்கிறார். தீமிதிக்கிறவர் தாமே நேர்ந்துகொண்டு, விரதமிருந்து, தம் உடலை வருத்தி இறங்குகிறார். சடங்கு முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். நீங்கள் காட்ட விரும்பும் கூட்டத்திலோ யாரும் வீடு திரும்ப முடியாது. அச்சம் நெருப்பில் இல்லை, அந்தத் திரும்ப முடியாமையில் இருக்கிறது. 1978இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற தலைவனின் வழிபாட்டுக் கூட்டத்தில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு வெகுநாள் முன்பே அவர்களுடைய கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டிருந்தன. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961இலேயே இத்தகைய பிடியின் கூறுகளை விளக்கினார்: வெளியுலகத் தொடர்பை அடைப்பது, எல்லோர் முன்பும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது, சொந்த அனுபவத்தைவிடக் கூட்டத்தின் கோட்பாடே மெய் என்று நம்பவைப்பது. இவற்றை எடுக்கப் பெரிய செலவு தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1860 முதல் 1911 வரை இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், முதலாளியின் எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. உங்கள் தலைவனின் கையில் கத்திக்குப் பதில் அப்படிப்பட்ட அனுமதிச் சீட்டுகளின் கட்டு ஒன்று இருக்கட்டும்.

மறுமொழி (ஒளிப்பதிவாளர், வெருலம்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு சில நடைமுறைச் செய்திகள். மீண்டும் எடுக்கும் முன் அந்த வயலைப் போய்ப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அறுவடைக் காலம் என்பதால், அன்று ஆளுயரம் நின்ற கரும்பு இன்று கட்டையாக இருக்கலாம். ஜூனில் இங்கே மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அதற்குப் பிந்தைய அரை மணி நேர நீல வெளிச்சத்தில் எடுத்தால், நள்ளிரவில் எடுத்ததைவிடப் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் குறையும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு வைத்தால் விளக்குகள் பெரும்பாலும் சிமிட்டாது. கரும்பருகே நிஜ நெருப்பு மட்டும் கூடவே கூடாது.

கேட்டவர்:
ஐயா, அண்ணா, மிக்க நன்றி. குழியையும் மஞ்சள் துணியையும் நீக்கிவிடுகிறோம். வரிசையில் நிற்கும் மக்கள் ஒவ்வொருவராக வந்து தம் குற்றத்தைச் சொல்ல, தலைவன் அவர்களுடைய சீட்டுகளை எண்ணிப் பெட்டியில் பூட்டுவதாக அந்த ஓர் இரவில் எடுக்கப்போகிறோம். உடுக்கைச் சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எந்த ஒலியை வைப்பது?

மறுமொழி (ஒளிப்பதிவாளர், வெருலம்):
காற்றில் கரும்புத் தோகை உரசும் சத்தத்தைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. தலைவன் சீட்டுகளை எண்ணும்போது அதைச் சட்டென நிறுத்திவிடுங்கள்.