குதிகால் வலி என்று வந்தவர்

கேஷுவாலிட்டி செவிலியர்:
தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊரில் அரசு மருத்துவமனை வேலை. மரத்திலிருந்து விழுந்தவர்கள் வராத வாரம் குறைவு. நான் சேர்ந்த புதிதில் ஒரு அண்ணன் ட்ராலியில் வந்தார். இரண்டு குதிகாலும் வீங்கியிருந்தன. வேறெங்கும் வலியில்லை என்றார். “நல்லவேளை, காலை ஊன்றித்தான் விழுந்தேன் சிஸ்டர்.” எக்ஸ்ரேக்காக அவரை எழுப்பி உட்காரவைக்கப் போனேன். சீனியர் அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். நாலு பேர் சேர்ந்து, கட்டையை உருட்டுவதுபோல உடம்பு வளையாமல் ஒருக்களித்துத் திருப்பினோம். முதுகெலும்பு நெடுக அக்கா விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே வந்ததும் அண்ணன் அலறிவிட்டார். அங்கே ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

காலை ஊன்றி விழுந்தால் அடி குதிகாலோடு நிற்பதில்லை. முழங்கால், இடுப்பு என்று மேலே ஏறி, விறைப்பான மேல்முதுகும் வளைந்துகொடுக்கும் கீழ்முதுகும் சேரும் இடத்தில் போய்த் தாக்குகிறது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் உடைந்திருக்கும் என்று பிறகு படித்தேன். குதிகால் வலியின் கடுமையில் முதுகுவலி அவருக்கே உறைக்காது. அதனால் இப்போதெல்லாம் “எங்கே வலிக்குது?” என்பதற்கு முன்னால் “எப்படி விழுந்தீங்க?” என்று கேட்கிறேன்.

அப்புறம், பைக்கின் பின்சக்கரக் கம்பியில் கால் சிக்கிய குழந்தைகள். முதல் நாள் வெறும் சிராய்ப்புபோலத் தெரியும். நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கறுக்கும். மருந்து போட்டு அனுப்பும்போது, மூன்றாம் நாள் கட்டாயம் கூட்டிவரச் சொல்லி அம்மாக்களிடம் கெஞ்சாத குறை.

108 ஆம்புலன்ஸ் ஊழியர்:
அக்கா சொல்வது முழுக்க உண்மை. கார் நேருக்கு நேர் மோதிய இடத்தில், முன்சீட்டில் இருந்தவருக்கு முழங்காலில் சின்னக் கீறல்தான். ஆனால் டேஷ்போர்டு உள்வாங்கியிருந்தது. அவர் கால் மடங்கி, உள்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. முழங்காலில் பட்ட அடி தொடையெலும்பைப் பின்னால் தள்ளி, இடுப்பு மூட்டைக் கழற்றிவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் மூட்டை உள்ளே தள்ளாவிட்டால் எலும்புக்கு ரத்தம் போவது கெட்டுவிடக்கூடும். அதிலிருந்து வண்டியின் முன்பக்கத்தை போனில் படமெடுத்து டியூட்டி டாக்டரிடம் காட்டுவது என் வழக்கம். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

ஒரு அண்ணன்:
நான் மருத்துவத் துறை இல்லை. என் தம்பி பைக்கில் சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. காதுக்கு மேலே லேசான வீக்கம். ஒரு நிமிடம் மயங்கியவன் தானாக எழுந்து, வீட்டுக்கு வந்து டீ குடித்தான், நன்றாகவே பேசினான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் தூக்கம். அம்மா எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது, அதன் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் மூளையை அழுத்தியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். அன்றிரவே அறுவை சிகிச்சை. இன்று நலமாக இருக்கிறான். “களைப்பா இருப்பான், தூங்கட்டும் விடும்மா” என்று அன்று சொன்னது நான்தான்.