தங்க வாட்சா, ஓரியண்ட் பாம்பினோவா?

குடந்தைவாசி: முகூர்த்தத்துக்கு மட்டும் கட்ட, படேக் பிலிப்பின் தங்க வாட்ச் கலட்ராவா 6119-ஐயும் ஓரியண்ட் பாம்பினோவையும் ஒப்பிட்டால்?

மன்னை: 6119-க்குக் கையால்தான் சாவி கொடுக்கணும், 65 மணி நேரம் ஓடும். பாம்பினோ ஆட்டோமேட்டிக், கை அசைவிலேயே சாவி ஏறும்; கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். ஆடிக்கொருதரம் கட்டினால் இரண்டுமே நின்றுதான் கிடக்கும், தம்பி. பாம்பினோவில் தேதி மாற்றுமுன் முள்ளைக் காலை 6-க்குத் தள்ளிடுங்க. நள்ளிரவையொட்டித் தேதிச் சக்கரம் கவ்வியிருக்கும். அப்போது திருகினால் பல் உடையலாம்.

தஞ்சைக்காரன்: 6119-இன் 18 காரட் தங்கத்தில் சீக்கிரம் கீறல் விழும். அடிக்கடி பாலிஷ் போட்டால் ஸ்ட்ராப் மாட்டும் கொம்பு தேயும், விலையும் இறங்கும். தண்ணீர் தாங்கும் அளவு இரண்டுக்குமே 30 மீட்டர்தான்: பந்தி முடிந்து கை கழுவலாம், காவிரியில் முழுக்குப் போடக்கூடாது. நம்மூர்ப் புழுக்கத்துக்குத் தோல் ஸ்ட்ராப்தான் முதலில் நாறும். கழற்றியதும் துடைத்து நிழலில் காயவைங்க.

குடந்தைவாசி: அவசரத்துக்கு விற்றால்?

மன்னை: நகைக்கடைப் பக்கம் போகாதீங்க. அங்கே தங்க எடைக்குத்தான் காசு. வாட்ச் விலையில் அது சிறுபங்கு. பெட்டியையும் சான்றிதழையும் பத்திரமா வைங்க.