தகவமைப்பா, குழைமையா, நெகிழ்திறனா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மரவரம்புக்கு (மலையில் மரங்கள் வளரக்கூடிய உயர எல்லைக்கு) மேலே வளரும் செடிகள் நீரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இலையையும் வேரையும் மாற்றிக்கொள்வதை (ஆங்கிலத்தில் phenotypic plasticity) நம் கட்டுரையில் குறிக்கத் ‘தகவமைப்பு’ என்ற சொல்லே போதும் என்று இவ்விழையில் எழுதப்பட்டிருந்தது. போதாது என்பதே என் கருத்து. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தகவமைப்பு என்றும் இலங்கைப் பாடநூல்கள் இசைவாக்கம் என்றும் சொல்வது, பல தலைமுறைகளின் இயற்கைத் தேர்வால் மரபில் ஊன்றிவிட்ட பண்பை. நாம் பேசுவதோ, ஒரே செடி தன் ஆயுளுக்குள், மரபணு மாறாமலே, வறட்சியில் சிறிய, தடித்த இலைகளை விடுவதைப் பற்றி.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய சோதனை கலிபோர்னியாவில் நடந்தது. கிளாசன், கெக், ஹீசி ஆகிய தாவர ஆய்வாளர்கள் மூவரும் ஒரே செடியைத் துண்டுகளாக்கி, தாழ்நிலமான ஸ்டான்ஃபோர்டிலும், சியரா நெவாடா மலையில் சுமார் 1400 மீட்டர் உயரத்து மாத்தரிலும், 3050 மீட்டர் உயரத்து டிம்பர்லைனிலும் நட்டு வளர்த்து, 1940-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். ஒரே செடியின் துண்டுகள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டு வளர்ந்தன. ஆனால் மலைமுடியிலிருந்து கொண்டுவந்த செடிகள் தாழ்நிலத்திலும் குட்டையாகவே நின்றன. பின்னது தகவமைப்பு. முன்னதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். (அங்கே வெப்பமும் பருவத்தின் நீளமும் நீரோடு சேர்ந்தே மாறின; எனவே நீரை மட்டும் காரணமாக்கக் கூடாது.)

‘குழைமை’ என்ற முன்மொழிவு முதலில் என்னையும் ஈர்த்தது. குழைத்து வனைந்த களிமண் கொண்ட வடிவிலேயே காய்ந்து நிற்பதுபோல, வறட்சியில் சிறுத்து முதிர்ந்த இலையும் பிறகு ஈரம் வந்தாலும் பெரிதாவதில்லை. அடுத்து விரியும் இலைதான் பெரிதாகும். ஆனால் ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்று 90-ஆம் குறளைப் படித்த காதுக்கு, செடி குழைந்தது என்றால் வாடிற்று என்றே பொருள்படும். நீர்ப் பற்றாக்குறை பற்றிய கட்டுரையில் இது ஆகாது. சோறு குழைவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே ‘பண்பு நெகிழ்திறன்’ என்று கொள்ளலாம். வேரின் ஆழமும் இலைத்துளையின் (இலையில் நீராவியும் காற்றும் சென்றுவரும் நுண்துளையின்) இயக்கமும் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் அல்ல என்பதால் ‘பண்பு’ என்பதற்குப் பதில் ‘புறத்தோற்றம்’ என்று சொல்வதைத் தவிர்த்தேன். நெகிழி பிளாஸ்டிக்கைக் குறித்தாலும், ‘திறன்’ என்று முடிவதால் மயக்கம் வராது. நெகிழ்ந்தது மீளும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். நீர் போதாத நண்பகலில் இலைத்துளைகள் மூடிப் பின்னர் திறப்பது மீளும் நெகிழ்வு. முதிர்ந்த இலையின் தடிப்பு மீளா நெகிழ்வு.

கட்டுரையில் உள்ள ‘நீர்வளம்’ என்பதையும் மாற்றவேண்டும். உறைந்த மண்ணில் நீர் நிறைய இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பனி தாமதமாக உருகும் பள்ளத்தில் ஈரம் நிற்கும்போதே, சில அடி தள்ளிக் காற்றடிக்கும் மேட்டில் மண் காய்ந்து கிடக்கும். ‘நீர் கிடைப்பு’ என்பதே பொருந்தும். மறுப்பு இருப்பின் எழுதுங்கள். ‘மீளா நெகிழ்வு’ முரண்தொடராக ஒலிக்கிறதா என்பதில் எனக்கே சற்று ஐயம் உண்டு.