சாய்ந்த மரத்தை அறுத்தபோது உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பேராவூரணிக்காரன்
கஜா புயல் கரையைக் கடந்து (2018 நவம்பர் 16) மூன்றாம் நாள். தென்னைகள் போனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேலியோரப் புளியமரத்தைப் பற்றி. தூரோடு பெயர்ந்து கிடந்தது. வேர்மண் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்க, அதன் அடியில் இடுப்பளவு பள்ளம். மச்சான் செயின் ஓடி மரம் அறுக்கும் மெஷினை வைத்துத் தூரை ஒட்டி அறுத்துக்கொண்டிருந்தார். எட்டு வயது அக்கா மகனின் செருப்பு இரண்டும் அந்தப் பள்ளத்துச் சேற்றில் மாட்டியிருந்தன. இறங்கி ஒன்றை எடுத்து வந்தான். "மாமா, இன்னொன்று?" என்றான். "சரி, போ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாள், ஓடிவிட்டான்.

மரம் அறுந்தது. அந்த வேர்க்கட்டை அப்படியே எழுந்து, புறப்பட்ட பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தது. நின்ற இடத்தில் என் கால் அதிர்ந்தது. புயலில் விழாத மரத்தை யாரோ வெட்டிவிட்டுப் போனது போல அடிக்கட்டை நேராக நின்றது. இன்னொரு செருப்பு இன்றும் அதன் அடியில்தான் இருக்கிறது.

ஆலங்குடி பலாத்தோப்பு
அதே புயல், அதே வாரம். பலா மரத்தின் கவட்டைக்குள் மெஷினை விட்டேன். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீள இரும்புத் தகடு) நுனி, பின்னால் இருந்த கிளையில் பட்டதை நான் பார்க்கவில்லை. மெஷின் என் முகத்தை நோக்கித் துள்ளியது. இடது மணிக்கட்டு முன்தடுப்பில் மோதி, பிரேக் விழுந்து, செயின் நின்றது. கழுத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். பல்லில் பலாப்பால் நூல் நூலாக ஒட்டியிருந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். அதைத்தான் மறக்க முடியவில்லை. பிரேக் உள்ள நல்ல மெஷினாக வாங்குங்கள், பயமில்லை.

முதுகுளத்தூர் மூட்டம்
ஆலங்குடித் தம்பி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பிரேக் இருப்பதால் பயமில்லை என்று நினைப்பவன்தான் நுனியைக் கவனிக்காமல் விடுகிறான். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலும் படக்கூடாது. தொழிலே அதுதான். பிரேக் இரண்டாவது காவல்.

என் கதை சிறியது. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன் நான். வில்லாக வளைந்து தரையில் அழுந்திக் கிடந்த கிளையை வெளிவளைவில் ஒரே மூச்சாக அறுத்தேன். அது தெறித்துக் கூட வேலை செய்தவரின் முழங்காலில் அடித்தது. மூன்று மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுத் திண்ணையைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வளைந்த கிளையில் உள்வளைவு அழுந்தியிருக்கும், வெளிவளைவு இழுபட்டிருக்கும். முதலில் உள்வளைவில் கொஞ்சம் அறுத்து, பிறகு வெளிவளைவில் மெல்ல மெல்ல விட வேண்டும். ஆள் நிற்பது கிளை தெறிக்காத பக்கமாக இருக்கட்டும். பேராவூரணித் தம்பி, உங்கள் மச்சான் தூரை ஒட்டி அறுத்தது தவறு. ஏழெட்டு அடி மரத்தை வேரோடு விட்டிருந்தால் அந்தக் கனமே வேர்க்கட்டையைக் கொஞ்சம் பிடித்திருக்கும். அப்போதும் வடம் போட்டுக் கட்டாமல், அல்லது பொக்லைன் வைத்துத் தாங்காமல் அறுக்கக் கூடாது. பள்ளத்தின் பக்கம் கோழிகூடப் போகக்கூடாது.

செயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூள் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். சீவலாக விழ வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தித் தள்ளும்போதுதான் கை தவறுகிறது. 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணி அளவு) உள்ள செயினைத் தீட்ட 4.8 மி.மீ. உருண்டை அரம். அரத்தைப் பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது பல்லில் படக்கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் தள்ள வேண்டும். ஒரு பக்கத்தைக் கூடுதலாகத் தீட்டினால் அறுப்பு கோணலாகப் போகும். மண் படிந்த மரமானால் அறுக்குமிடத்தில் பட்டையைச் சீவி எறிந்துவிட்டு மெஷினை வையுங்கள். கழிவு எண்ணெயைப் பாருக்கு ஊற்றாதீர்கள், அதில் இரும்புத் துகள் இருக்கும்.

செங்கல்சூளை மகள்
மெஷின் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது விறகு பிளக்கும்போது. புளிய விறகில் கணு இருந்தால் கோடாலி கடித்துக்கொண்டு வெளியே வராது, அதனால் அப்பா இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார். பல வருட அடியில் அந்த ஆப்பின் தலை காளான் போல விரிந்திருந்தது. ஓர் அடியில் ஏதோ தெறித்தது. அப்பா வியர்வை என்று நினைத்துத் துண்டால் கண்ணுக்குக் கீழே துடைத்தார். துண்டில் சிவப்பு. சிராய் குத்தியது என்றே நினைத்தோம். மருத்துவர் எடுத்துக் காட்டியபோது அது எஃகுத் துணுக்கு, அரிசி நொய் அளவு. கருவிழிக்கு இரண்டு விரல்கடை தள்ளி. வீடு திரும்பியதும் அம்மா அந்த ஆப்பைக் கொல்லன் பட்டறைக்குக் கொடுத்தனுப்பி விளிம்பைத் தேய்த்து வாங்கினாள். கண்ணாடி போடாமல் அப்பா கொட்டகைக்குள் நுழைய அனுமதியில்லை.

பேராவூரணிக்காரன்
மூட்டம் ஐயா, மச்சான் மீது மட்டும் பழி வேண்டாம். தூரை ஒட்டி அறுத்தால் கட்டை நீளமாகக் கிடைக்கும், சூளைக்காரர் கூடுதல் விலை கொடுப்பார் என்று சொன்னது நான். வடம் கட்டலாம் என்று அவர்தான் கேட்டார். வீட்டில் வடம் இருந்தது. கிணற்றடியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.