பாரி-தாமஸ் விபத்து: முதலில் போனது சங்கிலியா, சக்கரமா?

கேள்வி | மண்தடம்
1927 மார்ச் 3, வேல்ஸின் பெண்டைன் கடற்கரை. மால்கம் கேம்பல் பறித்த தரைவழி வேகச் சாதனையை மீட்கப் போன ஜே.ஜி. பாரி-தாமஸ், 'பாப்ஸ்' கார் கவிழ்ந்து இறந்தார். பின்சக்கரத்தைச் சுழற்றும் வலப்பக்கச் சங்கிலி அறுந்து தலையில் அடித்ததாகத்தான் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பின்சக்கரம் நொறுங்கியதே மூலகாரணம் என்றும் ஒரு கட்சி உண்டு. எது பொருந்துகிறது? லேலண்ட் வாகன நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஏன் இன்னும் சங்கிலியைக் கட்டிக்கொண்டு அழுதார்?

பதில் | பல்சக்கரம்
சங்கிலி வண்டியோடு வந்தது. பந்தய ஓட்டுநர் லூயி ஸ்பொரோவ்ஸ்கி கட்டிய 'ஹைஹம் ஸ்பெஷல்' காரை, அவர் 1924-இல் இறந்தபின் தாமஸ் 125 பவுண்டுக்கு வாங்கினார்; அதுதான் பாப்ஸ் ஆனது. 27 லிட்டர் லிபர்ட்டி வி-12 விமான இன்ஜின், பிளிட்சன் பென்ஸ் கியர்பாக்ஸ். நான்கு செனித் கார்புரேட்டரும் தானே வடிவமைத்த பிஸ்டன்களும் போட்டார். 1926 ஏப்ரலில் 171 மைல், அதாவது மணிக்குச் சுமார் 275 கி.மீ. தொட்டார்.

சங்கிலியில் ஒரு வசதியும் இருக்கிறது. சக்கர விட்டம் 90 செ.மீ. என்று வையுங்கள். 275 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,620 சுற்று சுற்றும். லிபர்ட்டி முழுச் சக்தி தருவதும் ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான். ஆக இன்ஜின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்குமான மொத்த விகிதம் 1:1-ஐ ஒட்டியே வரவேண்டும். சங்கிலி என்றால் பல்சக்கரத்தை மாற்றினால் விகிதம் மாறிவிடும். பின் அச்சில் பெவல் கியர் (கூம்புப் பல்சக்கரம்) என்றால் புதிதாக வெட்ட வேண்டும்.

பதில் | ஆரக்கம்பி
என் ஓட்டு சக்கரத்துக்கு. விபத்துக்குப் பிறகு வண்டியை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். 1969-இல் ஓவன் வின் ஓவன் தோண்டி எடுத்த பிறகுதான் வலது பின்சக்கரம் பற்றிய பேச்சு வலுத்தது. மேலே சொன்ன அளவையே வைத்தால், டயர் விளிம்பில் மையவிலக்கு புவியீர்ப்பைப் போல் சுமார் 1,300 மடங்கு. 100 கிராம் ரப்பர் 130 கிலோவாக இழுக்கும். சக்கரத்தின் ஆரக்கம்பிகள் விட்டால் அந்தப் பக்கம் தாழும், பல்சக்கரங்கள் நேர்கோட்டிலிருந்து விலகும், சங்கிலி பல்லை விட்டு ஏறி அறுந்துவிடும்.

பதில் | மண்தடம்
சங்கிலி முதலில் அறுந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுத்து வண்டி திரும்பியிருக்காதா?

பதில் | பல்சக்கரம்
இரு சங்கிலிகளையும் ஓட்டும் குறுக்கு அச்சில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் திரும்பாது. அறுந்த பக்கம் வெறுமனே சுழலும், மறுபக்கத்துக்கும் இழுவை போய்விடும், இன்ஜின் சுற்று எகிறும். அறுந்த துண்டு சக்கரத்தில் சிக்கிப் பூட்டினால்தான் வண்டி திரும்பும். சங்கிலிக் கட்சிக்கு மிஞ்சுவது அந்த ஒரு வழிதான். மற்றபடி அந்த வேகத்துக்குச் சங்கிலி தாங்காது என்று சொல்லிவிட முடியாது. அதே மாதம் 29-ஆம் தேதி அமெரிக்காவின் டேடோனாவில் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 203.79 மைல் வேகத்தில் ஓட்டிய சன்பீமும் சங்கிலி வண்டிதான்.