வன்னியில் இருந்தபடி வெளிநாட்டுக் கொம்பனியில் வேலை: ஈ.ஓ.ஆர். சேவை பற்றிய அனுபவப் பகிர்வு (எழுதியவர்கள் தங்கள் ஊர்ப் பெயரில்)

இரணைமடு

கனடா, லண்டன், நோர்வேயில் சிறு கொம்பனி வைத்திருக்கும் எங்கட ஆக்கள் வன்னியில் ஆள் எடுக்க நினைத்தால் அவர்கள் காதில் முதலில் விழும் சொல் ஈ.ஓ.ஆர். (Employer of Record, சட்டப்படியான தொழில்தருநர்). இலங்கையில் கொம்பனி பதியாமலே இங்கே ஒருவரைச் சட்டப்படி வேலைக்கு வைப்பதற்கான வழி அது. இங்கு பதிந்த ஒரு சேவை நிறுவனம் நியமனக் கடிதம் கொடுக்கும், சம்பளத்தை ரூபாயில் போடும், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டும், வரியைக் கழித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும். என்ன வேலை, எப்போது முடிக்க வேணும் என்பதை மட்டும் வெளிநாட்டுக் கொம்பனி சொல்லும். மாதம் ஒருமுறை அதற்கு டொலரிலோ பவுண்ஸிலோ பில் போகும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. படித்து முடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கொழும்புக்கு அறை எடுத்துப் போக வேண்டியதில்லை. அதனால்தான் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

அடிப்படைச் சம்பளம் மாதம் 2,00,000 ரூபா என்று வையுங்கள். தொழில்தருநர் பங்கு ஈ.பி.எஃப். 12%, அதாவது 24,000. ஈ.ரி.எஃப். 3%, 6,000. பணிக்கொடைக்காக (ஐந்து வருடம் நிறைந்து விலகும்போது கிடைக்கும் தொகை) மாதாமாதம் ஒதுக்க வேண்டியது சுமார் 8,333 (வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்). ஆகச் செலவு 2,38,333. சேவைக் கட்டணம் இதற்கு மேல். ஊழியர் பக்கம் பார்த்தால் ஈ.பி.எஃப். 8%, 16,000 கழியும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 1,50,000 வரை வருமான வரி இல்லை. மிச்சம் 50,000க்கு 6%, 3,000. கையில் வருவது 1,81,000. சம்பளச் சிட்டையில் இந்தத் தொகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க வேணும். "கழிவுகள்" என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தால் அந்தச் சிட்டையை ஏற்க வேண்டாம்.

சில சேவை நிறுவனங்கள் அடிப்படை 80,000, "ஏனைய படி" 1,20,000 என்று பிரித்து எழுதுகின்றன. ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். இரண்டையும் 80,000க்கு மட்டும் கட்டினால் 30,000க்குப் பதில் 12,000தான் போகும். வெளிநாட்டுக் கொம்பனிக்கு இது மலிவாகத் தெரியும். ஈ.பி.எஃப். சட்டத்தில் உழைப்பு என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. வாழ்க்கைச்செலவுப் படியும் அதை ஒத்த படிகளும், சாப்பாட்டுப் படியும், விடுமுறைச் சம்பளமும் அதற்குள் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு வராது. தொழில் அலுவலகம் பிடித்தால் நிலுவையோடு மேல்வரியும் சேரும். பிந்திய நாட்களைப் பொறுத்து அது 5% தொடங்கி 50% வரை ஏறும். பணிக்கொடையும் கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் வாழ்க்கைச்செலவுப் படி போன்றவற்றையும் வைத்தே கணக்கிடப்படுவதால், இப்படிப் பிரித்து எழுதினால் அங்கேயும் ஊழியருக்கு இழப்பு வரலாம். ஆகவே முழுத் தொகையையும் அடிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

மாங்குளம் சந்தி

இரணைமடு அண்ணை சொன்ன செலவு சரி. வேலையை நிறுத்தும் பக்கத்தை நான் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடுதலாகப் பிழை விடுவது இங்கேதான்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். ரொறன்ரோக் கொம்பனி "நாங்கள் கிளிநொச்சியில் ஒரே ஒரு ஆளைத்தானே வைத்திருக்கிறோம்" என்று நினைக்கும். சட்டம் எண்ணுவது ரொறன்ரோக் கொம்பனியின் ஆட்களை அல்ல, நியமனக் கடிதத்தில் பெயர் உள்ள சேவை நிறுவனத்தின் ஆட்களை. அந்த நிறுவனம் பல வாடிக்கையாளருக்காகப் பெரும்பாலும் பதினைந்து பேரைத் தாண்டி வைத்திருக்கும். ஆகவே அந்த ஒருவருக்கும் முழுச் சட்டமும் பொருந்தும். பணிக்கொடைச் சட்டத்தின் 15 பேர் எல்லையும் இப்படித்தான்.

கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த வேணும் என்றால் இரண்டே வழி: அவரது எழுத்து மூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. "புரொஜெக்ட் முடிந்துவிட்டது" என்ற ஈமெயில் போதாது. அனுமதியோடு நிறுத்தினால் இழப்பீட்டு அட்டவணை இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்று அது தொடங்கும்.

இதனால் சேவை நிறுவனங்கள் வெளிநாட்டுக் கொம்பனியிடம் ஒன்றோ இரண்டோ மாதச் சம்பளத்தை முன்வைப்பாகக் கேட்கும். கேட்பது நியாயம். ஆனால் வைப்பு எப்போது திரும்பும், எந்த நாணயத்தில், எந்த மாற்று விகிதத்தில் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேணும். தகுதிகாண் காலத்தை ஆறு மாதமாக எழுதிவிட்டுக் கடைசிக் கிழமையில்தான் யோசிக்கத் தொடங்கினால் 180 நாள் கடந்துவிடும். நாலாம் மாத முடிவில் எழுத்து மூல மதிப்பீடு ஒன்று செய்து ஊழியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வைத்திருப்பதா விடுவதா என்று ஐந்தாம் மாதத்துக்குள் முடிவெடுங்கள்.

நெடுங்கேணி

பேர் பிரச்சினை. இதை யாரும் எழுதவில்லை, ஆனால் வன்னியில் சம்பளம் பிந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

எங்கட பேர் தகப்பன் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு. சேவை நிறுவனத்தின் இணையப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு. "தர்ஷினி"யை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிய மூன்று ஆவணங்கள் ஒரே பிள்ளையிடம் இருக்கும். 2009 இடப்பெயர்வில் மூலப் பத்திரங்களைத் தொலைத்துப் பிறகு மாற்றுப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் கூடுதல்.

செய்ய வேண்டியது: அடையாள அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். வங்கிக் கணக்கு வேறு மாதிரி இருந்தால் வேலை தொடங்கும் முன் கிளைக்குப் போய்த் திருத்துங்கள். இரு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து, ஸ்கான் பண்ணி வைத்திருங்கள். வதிவிடத்துக்குக் கிராம அலுவலர் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பிரதேச செயலகத்தில் ஒப்பமிடுவித்தே எடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்.

அடையாள அட்டை எண்: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இல் இருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். முந்தைய வேலையில் பழைய எண்ணில் ஈ.பி.எஃப். கட்டியிருந்து, இப்போது புதிய எண்ணில் கட்டினால் காசு இரண்டு கணக்காக நிற்கும். பிறகு ஒன்றாக்குவதற்கு மாதக்கணக்கில் அலைய வேணும். சேரும்போதே இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

பூநகரி

விடுமுறை பற்றிச் சின்னதாக. தீபாவளியும் மகா சிவராத்திரியும் அரசாங்க, வங்கி விடுமுறைகள். தனியார் துறைக்கான சட்ட விடுமுறைப் பட்டியலில் அவை இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது, சித்திரை வருடப்பிறப்பு இருக்கிறது. சேவை நிறுவனம் தன்னுடைய வழமையான பட்டியலை ஒட்டிவிட்டால் தீபாவளியன்று வேலை. வேணும் என்றால் நியமனக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தமிழ் முதலாளி மறுக்கமாட்டார். போயா தினத்தில் வேலை செய்தால் அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு.

லீவு கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி: வருட லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். முதல் வருடத்தில் வருட லீவு கிடையாது. இரண்டாம் வருடத்தில் கிடைப்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதன் பிறகு 4. செப்டெம்பர் கடைசியில் வேலை தொடங்குவதற்கும் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்குவதற்கும் மூன்று நாள் வித்தியாசம்.

ஸ்காபரோவில் இருந்து

வெளிநாட்டுக் கொம்பனிப் பக்கம் இருந்து மூன்று விஷயம்.

ஒன்று, எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வேலையின்போது ஆக்கிய ஆக்கம் தொழில்தருநருக்குப் போகும். இங்கே தொழில்தருநர் என்பது சேவை நிறுவனம்! ஆகவே இரண்டு கட்டம் வேணும். ஊழியர் உரிமையைச் சேவை நிறுவனத்துக்கு மாற்ற வேணும், சேவை நிறுவனம் உங்களுக்கு மாற்ற வேணும். இரண்டாவது பத்தி இல்லாத மாதிரி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கொம்பனியை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டு, மாற்று விகிதம். சேவைக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு டொலரை ரூபாயாக்கும் இடத்தில் எடுப்பார்கள். பில்லில் உள்ள விகிதத்தை அன்றைய மத்திய வங்கி விகிதத்தோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன 2,38,333இல் 2% என்றால் மாதம் 4,767 ரூபா. ஐந்து பேர் என்றால் வருடத்துக்கு 2,86,000. 2022இல் ரூபாய் விழுந்தபோது ரூபாய்ச் சம்பளம் வாங்கினவர்களின் கையில் இருந்ததன் பெறுமதி பாதியளவுக்கு இறங்கியது, கொம்பனிகளுக்குச் செலவு குறைந்தது. விகிதம் 10%க்கு மேல் மாறினால் சம்பளத்தை மீளாய்வு செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் போடுங்கள். அது இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

மூன்று, லப்டொப். இங்கிருந்து அனுப்பாதீர்கள். சுங்கத்தில் நிற்கும், வரி வரும், உத்தரவாதம் அங்கே செல்லாது. சேவை நிறுவனத்தின் மூலம் இலங்கையில் வாங்கி, தொடரிலக்கத்தைக் கையளிப்புப் படிவத்தில் எழுதி ஊழியரின் கையெழுத்து வாங்குங்கள். யூ.பி.எஸ்.சும் இரண்டாவது இணைய இணைப்புக்கான மாதக் காசும் சேர்த்துக் கொடுங்கள். ஃபைபர் வராத கிராமங்களில் 4ஜி ரவுட்டருக்கு வெளியே மாட்டும் அன்ரெனா தேவைப்படும். அதை ஊழியரின் தலையில் போடக் கூடாது.

நேரம்: வன்னிக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. வன்னியில் மாலை 6.30 என்றால் இங்கே காலை 9 அல்லது 8. ஒருநாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் என்ற எல்லைக்குள் ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலப் பொது நேரம் வைத்தால் போதும். முழு இரவும் விழிக்க வைக்காதீர்கள்.

விசுவமடு

ஒரு கேள்வி. ஈ.ஓ.ஆர். இல்லாமல் நேரடியாக ஃபிரீலான்சராக டொலரில் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே?

இரணைமடு

தம்பி, சம்பளத்தைப் பொறுத்தது. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி, காசை வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் இலங்கைக்குக் கொண்டுவருபவருக்கு உச்ச வரி 15%. மாதம் 2,00,000 என்றால் இரண்டு வழியிலும் அதே 3,000தான். மாதம் 4,00,000 என்றால் ஊழியருக்கு 50,000 வரி, ஃபிரீலான்சருக்கு 30,000. ஆனால் ஃபிரீலான்சருக்குத் தொழில்தருநரின் 15% நிதிப் பங்கு இல்லை, அது மாதம் 60,000. பணிக்கொடையும் இல்லை, பெண்களுக்கு 84 நாள் பிரசவ லீவும் இல்லை. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி கேட்பது சம்பளச் சிட்டையும் நியமனக் கடிதமும். ஃபிரீலான்சர் வரி அறிக்கையையும் தானே நவம்பர் 30க்குள் போட வேணும், காலாண்டுத் தவணையையும் தானே கட்ட வேணும்.

இரண்டு மூன்று கொம்பனிக்குச் சிறு சிறு வேலை என்றால் ஃபிரீலான்ஸ் சரி. ஒரே கொம்பனி, அவர்கள் சொன்ன நேரம், அவர்களின் லப்டொப், அவர்களிடம் லீவு கேட்பது என்றால் அது ஊழியம்தான். தாளில் வேறு பேர் எழுதினாலும் மாறாது.

முள்ளியவளை

இதோடு ஒரு எச்சரிக்கை. ஈ.ஓ.ஆர். என்ற சொல்லைச் சொல்லி "கனடாவில் வேலை, விசா எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கிறார்கள். நாங்கள் இங்கே கதைக்கும் சேவை ஊழியரை வெளிநாடு கொண்டுபோவதில்லை, அவரிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. செலவு முழுக்க வெளிநாட்டுக் கொம்பனியுடையது. பதிவுக் காசு, பயிற்சிக் காசு, ஆவணக் காசு என்று எந்தப் பேரில் கேட்டாலும் விலகுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேணும். 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

மாங்குளம் சந்தி

நல்ல காலம் முள்ளியவளை அக்கா அதை எழுதினா. கடைசியாக விடுபட்ட ஒன்று: சேவை நிறுவனத்தை மாற்றுவது.

வெளிநாட்டுக் கொம்பனி மலிவாக இன்னொன்றைக் கண்டு நடுவில் மாறும். ஊழியருக்கு அதே மேசை, அதே வேலை, அதே மேலாளர். ஆனால் கடிதத்தில் பெயர் மாறுகிறது, சேவைக்காலம் மறுபடி பூச்சியத்தில் தொடங்குகிறது. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் நிறைய வேணும். மூன்று வருடம் பழைய இடத்தில், மூன்று வருடம் புதிய இடத்தில் என்றால் ஆறு வருடம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பதவி விலகல் கடிதம் கேட்டால் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். முந்தைய சேவைக்காலத்தை ஏற்பதாகப் புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் ஒரு பத்தி வேணும். அது முடியாது என்றால் பழைய வருடங்களுக்கான பணிக்கொடையை ஒதுக்கிய தொகையில் இருந்து இப்போதே கணக்குத் தீர்க்கச் சொல்லுங்கள்; அந்தக் காசை வெளிநாட்டுக் கொம்பனி மாதாமாதம் ஏற்கெனவே பில்லில் கட்டியிருக்கும்.

வெளியேறும் முன் வாங்க வேண்டியவை: சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளச் சிட்டை, வருடாந்த வரிக் கழிப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். உறுப்பினர் இலக்கம், கடைசி மாதக் கொடுப்பனவு விவரப் படிவத்தின் பிரதி. கடைசி மாத ஈ.பி.எஃப். அடுத்த மாத இறுதிக்குள்தான் கட்டப்படும். ஆகவே பிரதியை அன்றைக்கே கேட்டுக் கிடைக்காது. அடுத்த மாதம் முடிந்து ஒரு கிழமைக்குள் ஈமெயிலில் அனுப்புவதாக எழுத்தில் வாங்குங்கள், வராவிட்டால் அந்த ஈமெயிலோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.