குளிர்கால ரயருக்கு ரிம் தெரிவு: ‘ஆஃப்செட்’டுக்கு ஒரு சொல் வேண்டும்

ஸ்காபரோவிலிருந்து:

சொற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் புதிதாய் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் குளிர்கால வாகனப் பராமரிப்பு பற்றித் தமிழில் ஒரு கைநூல் செய்கிறோம். மாதக் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நவம்பர் பிறந்துவிட்டால் ரயர் (டயர்) கடையில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, அதற்கு முன் கைநூல் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றப் பக்கங்கள் முடிந்தன. ஹைபிரிட் காருக்குக் குளிர்கால ரயர் போடுகிறவர்கள் எந்த ரிம்மை எடுப்பது என்ற பக்கத்தில் நிற்கிறேன்.

இதைத் தனிப் பக்கமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான ப்ரியஸில் பழையதை விற்றுவிட்டுப் புதியதை எடுப்பவர்கள், முன்பு வாங்கிய குளிர்கால ரிம்களைக் கராஜில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 2016 முதல் 2022 வரையான ப்ரியஸில் ஐந்து ஆணிகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை, நடுத்துளை 54.1 மி.மீ. 2023 மாடலில் அந்த வட்டம் 114.3, நடுத்துளை 60.1. பழைய ரிம் புதிய காரில் ஏறவே ஏறாது.

‘ஆணி வட்டம்’, ‘நடுத்துளை’ இரண்டையும் எழுதிவிட்டேன். ஆஃப்செட்டுக்குத்தான் சொல் வரவில்லை. ரிம்மின் அகலத்தை நேர்பாதியாக வகிரும் கோட்டிலிருந்து, காரோடு ஒட்டும் முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்த முகம் வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல், உட்பக்கம் இருந்தால் கழித்தல். 40 மி.மீ. கேட்கும் காரில் 25 உள்ள ரிம்மைப் போட்டால், அகலம் ஒன்றாகவே இருந்தாலும் ரயர் 15 மி.மீ. வெளியே வந்து நிற்கும். வளைவில் திரும்பும்போது மட்காட்டில் உரசக்கூடும். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். ஆகவே வீலுக்குச் ‘சில்லு’ என்றே போட நினைக்கிறேன். ஆஃப்செட்டுக்கு என்ன போடலாம்?

கோவையிலிருந்து:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். ஆஃப்செட்டுக்கு முன் ‘சில்லு’ பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் சில்லு என்றால் உடைந்த துண்டு, தேங்காய்ச் சில்லு. கணினித் துறையில் சிப்புக்கு அதையே நிலைநிறுத்திவிட்டோம். காருக்குச் சில்லு மாற்ற வேண்டும் என்று எழுதினால், இங்குள்ளவர் எலெக்ட்ரானிக்ஸ் கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டியைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்: ‘கொழுஞ்சூட்டு அருத்திய திருந்துநிலை ஆரத்து முழவின் அன்ன முழுமர உருளி’. உருளி முழுச் சக்கரம், ஆரம் ஆரக்கால், சூட்டு விளிம்பு வட்டம். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குத் தச்சர்கள் சொல்லும் ‘குடம்’ இருக்கிறது. வண்டிச் சக்கரத்தின் மேல் காய்ச்சி ஏற்றும் இரும்புக்குப் பட்டா, பட்டை என்று பெயர், டயரின் வேலையை அது செய்தது. ஆக வீல் உருளி, ரிம் சூட்டு, டயர் பட்டை.

சூட்டு என்பது சூடு என்னும் வினையிலிருந்து வந்தது, பூச்சூடுதல் போல. கோழியின் கொண்டைக்கும் நெற்றியில் அணியும் மாலைக்கும் சூட்டு என்ற பெயருண்டு. சுற்று, சூழ், சுருள், சுழி எல்லாம் இதற்கு உறவு என்பது என் துணிபு. இன்னொன்று: புறநானூறு 102-இல் ஔவையார், உமணர் வண்டியின் ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ என்கிறார். குளிர்காலத்துக்கென்று எடுத்து வைக்கும் நான்கையும் ‘சேம உருளி’ என்றால் எவ்வளவு பொருத்தம்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் சேம அச்சு, அச்சு முறிந்தால் எடுப்பது. அதற்கு நேரானது ஸ்பெயார் வீல். குளிர்காலச் சில்லு முறிவுக்கு அல்ல, பருவத்துக்கு மாற்றுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், காரின் பின்பெட்டியில் கிடப்பதைக் குளிர்காலச் சில்லு என்று எண்ணிவிடுவார்கள்.

சில்லு பற்றி நீங்கள் எழுதியது மனவருத்தம் தந்தது. எங்களுக்கு அது அகராதியில் தேடி எடுத்த சொல்லல்ல. சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு, மூன்று சில்லு வண்டி என்று பேசித்தான் வளர்ந்தோம். புழக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தமிழ்நாட்டில் வேறு பொருள் உண்டு என்பதற்காக விலக்கி வைப்பது நியாயமில்லை. சிப்புக்கு அதைப் பிடித்து வைத்தபோது எங்கள் வழக்கை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே.

அப்புறம், ‘சூட்டு’. குளிர்காலக் கைநூலில் ‘சூட்டில் பட்டை ஏற்றவும்’ என்று எழுதிப் பாருங்கள். ரயரைச் சூடாக்கி ஏற்றச் சொல்கிறார்கள் என்றுதான் யாரும் வாசிப்பார்கள். எங்கள் பக்கம் சூடு என்றால் வயலில் அடுக்கிய நெற்கதிர்க் குவியலும்கூட. ரிம்மை ரிம் என்றே விடுங்கள்.

மொன்றியலிலிருந்து:

ரிம்முக்கு நானும் உடன்படுகிறேன். வேறொரு திருத்தம் உண்டு. பழைய வரைவில் ‘பனி ரயர்’ என்று இருந்தது, அதைக் ‘குளிர்கால ரயர்’ என்றே முழுவதும் மாற்றிவிடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம், தெருவில் பனி கிடந்தாலும் கிடக்காவிட்டாலும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். காய்ந்த தெருவிலும் பிடிமானம் குறையும். பனி ரயர் என்று எழுதினால், ‘இன்னும் பனி கொட்டவில்லையே’ என்று பொறுத்திருப்பார்கள். மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள குறியீடு ரயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

ஆஃப்செட்டுக்கு இங்கே பிரெஞ்சில் ‘தேப்போர்’ என்கிறார்கள், இடம்பெயர்ந்து நிற்றல் என்ற கருத்து. பல ரிம்களில் எண்ணுக்கு முன்னே பொறித்திருக்கும் ‘ஈ.டி.’ (ET) ஜெர்மன் சொல்லின் சுருக்கம், அழுத்திப் பொருத்தும் ஆழம் என்று பொருள். அந்த வழியில் போனால் ‘பொருந்தாழம்’ எனலாம். பொருந்து ஆழம், வினைத்தொகை.

சென்னையிலிருந்து:

அக்கா, பொருந்தாழத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘பொருந்தா ஆழம்’ என்று காதில் விழுகிறது. சரியாகப் பொருந்துவதற்கான அளவுக்குப் பொருந்தாதது என்ற பொருள் வந்துவிடும்.

கோவையிலிருந்து:

தம்பி சொல்வது ஓசை அளவில் சரி, இலக்கணத்தில் சரியல்ல. பொருந்தா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது ஆழத்தோடு புணர்ந்தால் வகர உடம்படுமெய் வந்து ‘பொருந்தாவாழம்’ ஆகும். பொருந்து என்னும் முதனிலையின் குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தால்தான் ‘பொருந்தாழம்’. இரண்டும் வெவ்வேறு.

சென்னையிலிருந்து:

ஐயா, நன்னூல் படித்தவருக்கு வேறு. கடை வாசலில் நிற்பவருக்கு?

என் பரிந்துரை ‘நடுவிலகல்’. நடுக்கோட்டிலிருந்து விலகி இருக்கும் அளவு, அவ்வளவுதான். ‘மையவிலக்கு’ என்று மட்டும் போய்விடக் கூடாது. அது பள்ளிப் பாடத்திலேயே வேறு விசைக்குப் போய்விட்டது.

கோலாலம்பூரிலிருந்து:

மலேசியாவில் டயர், ரிம் இரண்டும் எல்லாருக்கும் தெரியும், அலாய் ரிம்முக்கு ‘ஸ்போர்ட் ரிம்’. அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஹைபிரிட்டைக் ‘கலப்பினக் கார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கலப்பினம் மாட்டுக்கும் பயிருக்கும் உரியது. ‘இருவிசைக் கார்’ என்றால் எஞ்சினும் மின்மோட்டாரும் உடனே விளங்கும்.

மிசிசாகாவிலிருந்து:

நான் கராஜ் வேலை செய்பவன், இலக்கணத்தில் தலையிடவில்லை. ஹைபிரிட்டை ஹைபிரிட் என்றே விடுங்கோ, கார் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கு.

‘விலகல்’ என்றால் எங்கட சனம் ரிம் நெளிந்துபோச்சு என்று நினைக்கும். வேலை செய்யும்போது நாங்கள் சொல்வது ‘ரயர் வெளியே தள்ளி நிக்குது, உள்ளே தள்ளி நிக்குது’. அதிலிருந்து ஒரு சொல் எடுக்கேலாதோ?

சொல்லைவிட முக்கியமானது ஒன்று விடுபட்டிருக்கு. டொயோட்டாவின் பல அலாய் ரிம்களுக்கு வரும் நட்டு, தட்டையான வாஷரோடு வரும். இரும்பு ரிம்மின் துளையோ கூம்பு வடிவம், அதற்குக் கூம்பு நட்டுத்தான் வேணும். தட்டை நட்டை அதில் போட்டு இறுக்கினால் இறுகினது போலத் தெரியும், ஆனால் நட்டின் அடி கூம்பில் அமராது. ஓட ஓட இளகிவிடும். கூம்பு நட்டு ஒரு தொகுதி சேர்த்து வாங்கச் சொல்லுங்கோ. பிறகு 100 கிலோமீட்டர் அளவு ஓடினதும் காரின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்குத் திரும்ப இறுக்கிப் பார்க்க வேணும்.

வெளிக் கொம்பனி ரிம்மின் நடுத்துளை 73.1 ஆகவும் வரும். காரின் குடம் 60.1 என்றால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேணும். இல்லாவிட்டால் ரிம் நடுவில் அமராமல் ஸ்டியரிங் நடுங்கும்.

ஸ்காபரோவிலிருந்து:

அண்ணா, நட்டும் வளையமும் அப்படியே சேர்கின்றன, மிக்க நன்றி. ‘தள்ளி நிற்பது’ என்பதிலிருந்து ‘தள்ளளவு’ என்று எடுத்தால் என்ன? கூட்டல் தள்ளளவு, கழித்தல் தள்ளளவு என்று சொல்லவும் சுலபம்.

கோவையிலிருந்து:

தள்ளளவு என்றதும் தள்ளுபடிதான் நினைவுக்கு வருகிறது. ஒன்ராறியோவில் குளிர்கால டயர் போட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் இருப்பதாக உங்கள் வரைவிலேயே அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சலுகையும் தள்ளளவும் அருகருகே வந்தால் குழப்பம் உறுதி. நடுவிலகலே மேல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, விலைக் குறைப்புக்கு எங்களிடம் ‘கழிவு’ என்றுதான் வழக்கு. காப்புறுதிக் கழிவு என்று எழுதிவிட்டால் தள்ளளவோடு மோதாது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்களின் காதில் எப்படி விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து:

நான் நடுவிலகலை விட்டுத் தருகிறேன், தள்ளளவுக்கு என் வாக்கு. பெயரை விடப் பயனுள்ள ஒரு தகவலும் சேருங்கள். 2023 ப்ரியஸ் 17 அங்குல ரிம்மிலும் 19 அங்குல ரிம்மிலும் வருகிறது. 19-க்கான 195/50 ஆர்19 எளிதில் கிடைக்கும் அளவு அல்ல. குளிர்காலத்துக்கு 195/60 ஆர்17 போடுவது நல்லது, தயாரிப்பாளரே தரும் அளவுதான். ரப்பர்ச் சுவர் உயரமாக இருப்பதால் குழியில் விழும்போது ரிம் அடிபடுவதும் குறையும். பழைய ப்ரியஸ் போல 15-க்கு இறங்கலாம் என்று யாரும் முயல வேண்டாம். மின்கலத்தின் எடையையும் சேர்த்துத்தான் காரின் பாரம் கணக்கிடப்பட்டிருக்கிறது, ஆகவே டயரில் உள்ள பாரக் குறியீடும் கதவோரத்து ஒட்டியில் கண்டதற்குக் குறையக் கூடாது.

மொன்றியலிலிருந்து:

எனக்கும் தள்ளளவு சம்மதம். ஆனால் கடையில் போய் ‘தள்ளளவு எவ்வளவு’ என்று கேட்க முடியாது. முதல் முறை வரும் இடத்தில் ‘கடையில் ஆஃப்செட் என்று கேளுங்கள்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து:

சரி, இனிப் பொறுக்க நேரமில்லை. அச்சுக்குப் போகும் பத்தி இது:

‘குளிர்காலச் சில்லுக்கு ரிம் வாங்கும்போது நான்கு அளவுகளைப் பாருங்கள்: விட்டமும் அகலமும், ஆணி வட்டம், நடுத்துளை, தள்ளளவு. தள்ளளவு என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரோடு ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம். கடையில் ஆஃப்செட் என்று கேளுங்கள். பல ரிம்களின் பின்புறத்தில் ஈ.டி. (ET) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அந்த எண் பொறித்திருக்கும். உங்கள் பழைய காரின் ரிம் புதிய காருக்குப் பொருந்தும் என்று நம்பி ரயரை ஏற்றிவிடாதீர்கள்.’

ரயர் என்றே போடுகிறேன், கோவை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹைபிரிட்டும் அப்படியே.

கோவையிலிருந்து:

டகரமும் மொழிக்கு முதலில் வராது, ரகரமும் வராது. டயர், ரயர் இரண்டுக்கும் இலக்கணத்தில் ஒரே தகுதிதான், அதில் எனக்கு வழக்கில்லை. பத்தி தெளிவாக இருக்கிறது, அச்சுக்குக் கொடுங்கள்.

ஆனால் குழுவின் பொதுச் சொற்பட்டியலில் ஏற்றும்போது தள்ளளவுக்கு அருகே நடுவிலகலையும் மாற்றுச் சொல்லாகக் குறித்துவிடுங்கள். வீலுக்கு உருளி இருக்கட்டும், சில்லு ஈழ வழக்கு என்ற குறிப்போடு வரட்டும். சிப்புக்கு எழுதிய பதிவை நான் மாற்றப் போவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உருளிக்கு எந்த ஊர் வழக்கு என்று குறிப்பு எழுதுவீர்கள், ஐயா? சில்லுக்குக் குறிப்பு வேண்டும் என்றால் இரண்டுக்கும் வேண்டும். இதை அடுத்த இழையில் தொடர்வோம்.